வில்பத்துக் காட்டில் உதிர்ந்த மான் கொம்பு தேடலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் வாழும் அவருடைய அண்ணன், பனி உருகும் நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், மான்கள் உதிர்த்த கொம்புகளைத் தேடி எடுத்து வருகிறாராம். அந்த வீடியோக்களைப் பார்த்த 11 வயது மகனுக்கு ஆசை பிடித்துவிட்டது. வரும் விடுமுறையில் வில்பத்துத் தேசியப் பூங்காப் பக்கம் போய் அப்படித் தேடலாமா, அதற்குத் தோதான மாதம் எது, வீட்டுச் சுவரில் அப்பப்பா காலத்திலிருந்து தொங்கும் மான் கொம்பு தானாக உதிர்ந்ததா வேட்டையில் கிடைத்ததா என்பதை எப்படி அறிவது? இவை மூன்றும் கேள்விகள். இடையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “எந்த உயிரையும் கொல்லவில்லையே ஐயா, விழுந்து கிடப்பதைத்தானே எடுக்கிறோம்.” உங்கள் மனத்தில் இருக்கும் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. மற்ற மூன்றுக்கும் விடை சொல்லும்போது அதற்கும் சேர்த்தே சொல்லப் பார்க்கிறேன்.

நான் விலங்கியல் படித்தவன். புள்ளிமான்களைப் பற்றித்தான் பட்ட மேற்படிப்பு ஆய்வு செய்தேன். பிறகு 26 ஆண்டுகள் கொழும்பில் மாணவர்களுக்கு விலங்குகளின் எலும்பும் பல்லும் கற்பித்தேன். சட்டத்தரணி அல்லன், வைத்தியனும் அல்லன். அந்த இரண்டு துறைகளையும் தொடும் இடங்களில் என் சொல்லை முடிவான சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். வில்பத்துக்குள் தேடவும் முடியாது, எடுக்கவும் கூடாது. அங்கே அனுமதிக்கப்பட்ட சில இடங்களைத் தவிர வாகனத்தை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். ஆனால் உங்கள் மகனின் ஆசை நல்ல ஆசை. “கூடாது” என்ற ஒற்றைச் சொல்லோடு அதை அணைத்துவிட எனக்கு மனமில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தமிழில் கொம்பு என்றால் விலங்கின் கொம்பும்தான், மரத்தின் கிளையும்தான். கோடு என்ற பழைய சொல்லுக்கும் அதே இரட்டைப் பொருள் உண்டு. மாட்டின் கொம்பையும் மானின் கொம்பையும் ஒரே சொல்லால் அழைத்தாலும், உடலமைப்பில் இரண்டும் வேறு வேறு. மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் கொம்பு, நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆன உறை. உள்ளே எலும்பு முளை இருக்கும், மேலே உறை வளர்ந்துகொண்டே போகும், ஆயுள் முழுவதும் விழாது. மானின் கொம்பு முழுக்க முழுக்க எலும்பு. மண்டையோட்டிலிருந்து எழும்பும் குட்டையான ஒரு தண்டின் மேல் முளைத்து, கிளைவிட்டு, முற்றி, காய்ந்து, ஒரு நாள் கழன்று விழும். பிறகு அதே இடத்தில் புதிதாக முளைக்கும். அந்த வகையில் மரக்கொம்புக்கு நெருக்கமானது மான் கொம்புதான்.

வளரும் காலத்தில் அதன் மேல் வெல்வெட்டுத் துணி போன்ற மென்மயிர்த் தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோலுக்குள் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்திருக்கும். கையால் தொட்டால் சூடு தெரியும். பெரிய மானினங்களில் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது ஒரு நாளைக்கு 2 சென்டிமீட்டர் வரை நீளும். பாலூட்டிகளின் உடலில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறில்லை. இவ்வளவு கல்சியத்தைத் தீனியிலிருந்து மட்டும் அந்த வேகத்தில் திரட்ட முடியாது. எனவே கலைமான், அதாவது ஆண் மான், தன் சொந்த எலும்புக்கூட்டிலிருந்து, முக்கியமாக விலா எலும்புகளிலிருந்து, சுண்ணச் சத்தைக் கடன் வாங்கித் தலைக்கு ஏற்றுகிறது. அந்த மாதங்களில் அதன் விலா எலும்புகள் உண்மையாகவே மெலிந்து போகின்றன. கொம்பு முற்றிய பிறகுதான் மீண்டும் தேறுகின்றன. இதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும். சுவரில் தொங்கும் ஒரு கொம்பைப் பார்க்கும்போது இந்தக் கடனை நினைத்துக்கொள்ளுங்கள்.

உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஹோர்மோன் கூடும்போது கொம்பு இறுகி முற்றுகிறது. இரத்த ஓட்டம் நின்று மென்தோல் காய்ந்து உரிகிறது. மான் அதை மரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கழற்றும். இனச்சேர்க்கைக் காலம் முடிந்து அதே ஹோர்மோன் குறையும்போது, தண்டும் கொம்பும் சேரும் இடத்தில் எலும்பை அரிக்கும் கலங்கள் வேலையைத் தொடங்குகின்றன. மரத்தூண் போல உறுதியாக இருந்த இணைப்பு சில நாட்களில் தளர்ந்து, தலையை ஆட்டினாலோ ஒரு பற்றையில் உரசினாலோ கழன்றுவிடும். வலி இருப்பதாகத் தெரியவில்லை. முற்றிய கொம்பு உயிரற்ற எலும்பு. விழுந்த இடத்தில் கொஞ்சம் இரத்தம் கசிந்து, பொருக்குக் கட்டி, அதன் அடியிலிருந்து அடுத்த கொம்பு தொடங்கும்.

இனி மாதத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணனுக்கு அங்கே ஒரு பருவம் இருப்பது ஏன், நமக்கு இங்கே இல்லாதது ஏன்? காரணம் சூரியன். அல்பேர்ட்டாவின் எட்மன்டன் நகரில் ஜூன் மாதப் பகல் 17 மணி நேரம். டிசம்பரில் ஏழரை மணி நேரமும் இல்லை. அங்குள்ள மான்களின் மூளை இந்தப் பகல் நீளத்தைக் கணக்கிட்டு ஹோர்மோனை ஏற்றி இறக்குகிறது. ஆகவே ஒரு மாவட்டத்து ஆண் மான்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் கொம்பை உதிர்க்கின்றன. கொழும்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. வில்பத்தில் அதைவிடச் சற்றே கூட, அவ்வளவுதான். ரிச்சர்ட் கொஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி சிக்கா மான்களைச் செயற்கை வெளிச்சத்தில் வளர்த்துப் பார்த்தார். ஓராண்டின் பகல் மாற்றங்களைச் சுருக்கி ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை காட்டியபோது மான்களும் அதற்கேற்ப இரண்டு, மூன்று முறை கொம்பு மாற்றின. ஆண்டு முழுவதும் 12 மணி நேரப் பகலையே காட்டியபோது பல மான்கள் கொம்பு மாற்றுவதையே நிறுத்திவிட்டன.

நம் புள்ளிமான் ஏறக்குறைய அந்த 12 மணி நேரப் பகலிலேயே பரம்பரை பரம்பரையாக வாழ்வது. ஆனாலும் கொம்பை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு கலைமானும் தனக்கென ஒரு நாட்காட்டி வைத்திருப்பது போல நடந்துகொள்கிறது. ஒரே கூட்டத்தில் ஒன்று முற்றிய கொம்போடு நிற்கும், பக்கத்தில் ஒன்று மென்தோலோடு நிற்கும், மூன்றாவது அன்றுதான் இரண்டையும் இழந்து மொட்டைத் தலையோடு மேயும். சில மாதங்களில் முற்றிய கொம்புகள் கூடுதலாகத் தென்படும் என்பது உண்மை. ஆனால் “இந்த மாதம் போனால் கிடைக்கும்” என்று எவராவது திட்டவட்டமாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

அண்ணனின் ஊரில் எப்படித் தேடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் மான்கள் வெயில் படும் தென்சரிவுகளிலும், காற்றுக்கு மறைவான மரக்கூட்டங்களிலும் ஒதுங்கும். படுக்கும் இடம், மேயும் இடம், இரண்டையும் இணைக்கும் தடம், குறுக்கே தாண்டும் வேலி ஆகியவற்றை அறிந்தவர்தான் கொம்பைக் கண்டெடுப்பார். வேலியைத் தாண்டிக் குதிக்கும் அதிர்ச்சியில் தளர்ந்த கொம்பு விழுவது உண்டு. மேகமூட்டமான நாளில் நிழல் குழப்பாது, ஈரம் பட்ட கொம்பு பளிச்சென்று தெரியும். முழுக் கொம்பைத் தேடாமல் ஒரு வளைவைத் தேடு, ஒரு முனையைத் தேடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அருமையான பயிற்சி அது. கண்ணும் காலும் ஒரே வேகத்தில் போகப் பழகும்.

ஆனால் விழுந்ததை எடுப்பதற்கு அங்கேயும் கட்டுப்பாடு உண்டு என்பதை வீடியோக்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. கனடாவின் தேசியப் பூங்காக்களில் ஒரு கல்லையோ பூவையோ கொம்பையோ எடுத்துப் போக அனுமதியில்லை. அமெரிக்காவில் யெலோஸ்டோனிலும் அப்படியே. கொலராடோ மாநிலத்தின் மேற்குப் பகுதிப் பொது நிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு பொறுக்கத் தடை. வயோமிங் மாநிலத்தின் பல பகுதிகளில் மே மாதம் பிறக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். குளிர்காலக் கடைசியில் மான்களின் உடலில் கொழுப்பு தீர்ந்திருக்கும். அந்த நிலையில் மனிதர்களைக் கண்டு மிரண்டு ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் அவற்றின் உயிரைக் குடிக்கும். வயிற்றில் குட்டி சுமக்கும் பெண் மான்களுக்கு இன்னும் மோசம். வயோமிங்கின் ஜாக்சன் நகருக்குப் பக்கத்தில் எல்க் என்ற பெரிய மான்களுக்கென ஒரு சரணாலயம் இருக்கிறது. அங்கே உதிர்ந்தவற்றைச் சாரணச் சிறுவர்கள் அனுமதியோடு பொறுக்கி ஆண்டுதோறும் ஊர்ச் சதுக்கத்தில் ஏலம் விடுகிறார்கள். வரும் பணத்தில் பெரும்பங்கு அந்தச் சரணாலயத்துக்கே திரும்பிப் போகிறது. ஆகவே “கொல்லவில்லையே” என்ற உங்கள் நியாயம் அங்கேகூட முழு நியாயமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

நம் தீவில் கொம்பு உதிர்க்கும் மான்கள் சிலவே. வறண்ட வலயக் காடுகளில் புள்ளிமான். தீவெங்கும், மலைநாட்டின் ஹோட்டன் சமவெளி வரை, மரை. இந்தியாவில் கடமான் என்று சொல்லப்படுவதும் இதுதான், ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் இதைத் தவறாக “எல்க்” என்று அழைத்தார்கள். குரைக்கும் மானுக்கு மயிர் மூடிய நீண்ட தண்டின் மேல் விரல் நீளத்தில் சிறு கொம்பு. தென்மேற்குக் கரையோரத்தில் எல்பிட்டிய, அம்பலாங்கொடைப் பக்கம் மிகக் குறைந்த எண்ணிக்கையில் வாழும் இன்னொரு சிறு மானும் உண்டு. அது இந்தத் தீவுக்கே உரியதா, ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்டதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. சருகுமானுக்குக் கொம்பே கிடையாது. இவை எல்லாவற்றிலும் கொம்பு ஆணுக்கு மட்டும்தான்.

இவற்றின் கொம்பு விழுந்த பிறகு என்ன ஆகிறது? இதை நான் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து சொல்கிறேன். ஆய்வு அனுமதியோடு வில்பத்தில் இருந்த காலம். வில் என்று சொல்லப்படும் ஓர் இயற்கை நீர்நிலையின் கரையில், தண்ணீர் வற்றிப் புல் தலைகாட்டத் தொடங்கிய இடத்துக்குச் சற்று மேலே, ஒரு வீரை மரத்தடியில் காய்ந்த கிளை என்று நினைத்து ஒன்றைத் தாண்டப் போனேன். கூட வந்த வனக்காவலர் கையைப் பிடித்து நிறுத்தினார். புள்ளிமானின் இடது கொம்பு. மேல்பக்கம் வெயிலில் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. அடிப்பக்கம் மண்ணின் ஈரத்தில் பச்சை படர்ந்து, ஒரு கரையான் தடம் ஓடியது. முனைக்கிளை இரண்டும் இல்லை. அவை இருந்த இடத்தில் அகலமான, தட்டையான கீறல்கள், உளியால் இழைத்தது போலப் பக்கத்துக்குப் பக்கம், இரண்டிரண்டாக. முள்ளம்பன்றியின் வெட்டுப்பற்கள். அந்தக் கீறல்களுக்கு இடையில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஊசி கீறியது போன்ற மெல்லிய கோடுகள். அவை எலியின் வேலை. பாதிக் கொம்பு ஏற்கெனவே யாருடைய எலும்பாகவோ பல்லாகவோ மாறிவிட்டிருந்தது.

வெப்பநாடுகளில் மழை கழுவிக் கழுவிப் பழசான மண்ணில் பாஸ்பரஸ் தட்டுப்பாடு பொதுவானது. புல்லிலும் இலையிலும் அது குறைவாகவே இருக்கும். ஆகவே தாவரத்தை மட்டும் தின்னும் விலங்குகள் எலும்பைக் கண்டால் விடுவதில்லை. முள்ளம்பன்றி தன் வளைக்கே இழுத்துப் போகும். புள்ளிமானும் மரையும்கூட எலும்பையும் கொம்பையும் வாயில் வைத்து மென்றுகொண்டு நிற்பதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். கலைமான் தன் விலா எலும்பிலிருந்து எடுத்துத் தலையில் சுமந்த சுண்ணம் இப்படித்தான் காட்டுக்குத் திரும்புகிறது. விழுந்து கிடக்கிறது என்பதால் அது யாருக்கும் வேண்டாத பொருள் ஆகிவிடாது. உங்கள் உண்மையான கேள்விக்கு நான் சொல்லும் முதல் பாதி விடை இது. ஒரு கொம்பை ஒருவர் எடுப்பதால் காடு அழிந்துவிடும் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். கொழும்பிலிருந்து வார இறுதியில் 200 குடும்பங்கள் அதே ஆசையோடு கிளம்பினால் என்னாகும் என்றுதான் யோசிக்கிறேன்.

இரண்டாவது பாதி சட்டமும் சந்தையும். இலங்கையில் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம். பிறகு பலமுறை திருத்தப்பட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. வில்பத்துவும் யாலவும் 1938இல் தேசியப் பூங்காக்களாயின. பூங்காவுக்குள்ளிருந்து விலங்கின் எந்தப் பாகத்தையும் அனுமதியின்றி எடுத்துவருவது குற்றம். பூங்காவுக்கு வெளியே கிடந்தது என்று சொன்னாலும் தப்ப முடியாது. மானும் மரையும் எங்கிருந்தாலும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அவற்றின் பாகங்களை விற்பதும், அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் சட்டவிரோதம். உதிர்ந்ததற்கு ஏன் விலக்கு இல்லை என்று கேட்பீர்கள். விலக்குக் கொடுத்துப் பாருங்கள், மறுநாளே சுருக்கு வைத்துப் பிடித்த மானின் கொம்பை அடியோடு வாளால் அறுத்து, அரத்தால் தேய்த்து, “காட்டில் பொறுக்கினேன்” என்று ஒருவர் கொண்டுவந்து நிற்பார். கத்திப் பிடியாகவோ பொத்தானாகவோ செதுக்கிய பின்பு எந்த நிபுணராலும் அது உதிர்ந்ததா அறுத்ததா என்று வேறுபடுத்திச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. வாங்க ஆள் இருந்தால் சுருக்குக் கம்பியும், கம்பி தட்டினால் வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் கூடும். அந்தச் சுருக்கில் மான் மட்டும் விழுவதில்லை, சிறுத்தையும் விழுகிறது.

ஆபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதை இலேசாக எடுக்காதீர்கள். கனடாவின் பனிக்காட்டு அனுபவத்தை வைத்து வன்னிக் காட்டைக் கணக்கிட முடியாது. யானையும் கரடியும் பற்றைக்குள் பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. சருகுக்குள் கையை விட்டுத் தேடும் சிறுவனுக்குப் புடையன் பாம்பு காத்திருக்கலாம். சட்டவிரோத வேட்டைக்காரர்கள் கட்டிவைத்த துவக்கின் கம்பி முழங்கால் உயரத்தில் இருக்கும். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. எச்சரிக்கைப் பலகை இல்லாத இடம் எல்லாம் பாதுகாப்பான இடம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிள்ளையோடு தடம் விலகி நடக்க வேண்டாம்.

இனி அப்பப்பாவின் கொம்பு. நீங்கள் அனுப்பிய விவரத்தில் “ஒரு மரப்பலகையில் இரண்டும் சேர்ந்து பொருத்தியிருக்கிறது” என்று மட்டும் இருக்கிறது. அதை வைத்து நான் எதையும் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். நீங்களே பார்க்கலாம். கொம்பின் அடியில் சுற்றிலும் மணிமணியாக ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் சாட்சி. உதிர்ந்த கொம்பானால் வளையத்தோடு எலும்பு முடிந்துவிடும். அடிப்பாகம் சற்றே புடைத்து, சோறு வடித்த பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பருக்கைகள் போலக் கரடுமுரடாக இருக்கும். வளையத்துக்குக் கீழே மழமழப்பான ஒரு தண்டும், இரண்டு தண்டுகளையும் இணைக்கும் மண்டையோட்டுத் துண்டும் இருந்தால், அந்த மான் கொம்போடு இறந்திருக்கிறது. கவனியுங்கள், இறந்தது என்றுதான் சொல்கிறேன். துவக்கால் இறந்ததா, சிறுத்தை அடித்ததா, நோயில் விழுந்ததா என்பதை மண்டையோட்டுத் துண்டு சொல்லாது. அடிப்பாகம் பலகை போலத் தட்டையாக, வாள் ஓடிய கோடுகளோடு இருந்தால் அறுக்கப்பட்டது என்பது உறுதி. அறுத்தது உயிரோடிருந்த மானையா, இறந்து கிடந்த மானையா என்பது தெரியாது. இரண்டும் தனித்தனி உதிர்கொம்புகளாக இருந்து, அலங்காரத்துக்காக ஒரே பலகையில் ஆணியடித்திருக்கவும் கூடும். அப்போது இடது வலது நீளம் அல்லது பருமன் பொருந்தாமல் இருக்கும்.

எந்த மானின் கொம்பு என்பதைக் காண்பது சுலபம். புள்ளிமானுக்கும் மரைக்கும் ஒவ்வொரு கொம்பிலும் வழக்கமாக மூன்று முனைகள். நெற்றிக்கு மேல் முன்னோக்கி ஒன்று, உச்சியில் கவராகப் பிரிந்து இரண்டு. புள்ளிமானுடையது மெலிந்து, யாழின் தண்டு போல நீண்டு வளைந்திருக்கும். மரையுடையது தடித்து, மேற்பரப்பு மரப்பட்டை போலப் பள்ளமும் மேடுமாக இருக்கும். முனைகளை எண்ணி “இது இத்தனை வயது மான்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. கன்றுப் பருவம் தாண்டிய முதல் கொம்பு கிளையில்லாத ஒற்றை முளை என்பது வரை உண்மை. அதன் பிறகு உணவும் உடல்நலமும் காயங்களும்தான் கொம்பின் உருவத்தைத் தீர்மானிக்கின்றன. வயதுக்குப் பல்லைத்தான் பார்க்க வேண்டும்.

அதைச் சட்டப்படி வீட்டில் வைத்திருக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஒரு காலத்தில் அனுமதிப்பத்திரத்தோடு மான் வேட்டை நடந்த நாடு இது. அப்பப்பா பத்திரம் வைத்திருந்திருக்கலாம். பழைய கடதாசிப் பெட்டியில் தேடிப் பாருங்கள். பத்திரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பத்தரமுல்லையில் உள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு, கொம்பின் படத்தோடு எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை விற்கவோ, யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம். அண்ணனுக்கு நினைவாக அனுப்புகிறேன் என்று கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாக மட்டும் கொண்டு போகாதீர்கள். அவர் அங்கே பொறுக்கியதை இங்கே கொண்டுவருவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் மாகாணங்களில் மான்களின் மூளையை அழிக்கும் ஒரு நோய் பரவி வருகிறது. 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதை உண்டாக்கும் புரதம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும், மென்தோல் கொம்பிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. நம் மான்களிடம் அந்த நோய் இல்லை. வராமலே இருக்கட்டும்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் அம்மம்மா நெஞ்சு நோவுக்கு மான் கொம்பை உரைகல்லில் தண்ணீர் விட்டு உரைத்துப் பூசுவார். சித்த மருத்துவத்தில் மான் கொம்பைப் பற்பமாக்கிச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. அதன் மருத்துவ குணத்தைத் தீர்மானிக்கும் தகுதி எனக்கில்லை. இரசாயன அமைப்பில் அது எலும்பு. பெரும்பங்கு கல்சியம் பாஸ்பேட். யாராவது வீட்டுக்கொம்பை மருந்துக்குக் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். நெஞ்சு நோவென்றால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

சரி, மகனுக்கு என்ன வழி? திருகோணமலைக்குக் கூட்டிப் போங்கள். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும், கடற்கரையிலும், நகரத்துக்குள்ளும் புள்ளிமான்கள் சாதாரணமாகத் திரிகின்றன. நான் கடைசியாகப் போனபோது கோட்டைக்குள் ஒரு வேப்பமரத்தடியில் மென்தோல் உரியும் கலைமான் ஒன்று நின்றது. காய்ந்த தோல் பட்டி பட்டியாகக் கண்ணுக்கு முன்னால் தொங்கியது, ஈக்கள் மொய்த்தன, உரிந்த இடத்தில் கொம்பு இரத்தம் பட்டுச் செந்நிறமாக இருந்தது. அது தலையைச் சாய்த்து மரத்தில் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் பட்டை உதிரும் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு மேசை நிறையப் பொறுக்கிய கொம்புகளிலிருந்து இதை அறிந்துகொள்ள முடியாது. ஆனால் தயவுசெய்து உணவு கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையோடு வீசும் தின்பண்டம் அந்த மான்களின் வயிற்றில் சிக்கிக் கொல்கிறது. கொம்புக்கு அருகிலும் போகாதீர்கள். முற்றிய கொம்போடு நிற்கும் கலைமான் மனிதனுக்குப் பழகியிருந்தாலும் குத்தும்.

மரையைப் பார்க்க ஹோட்டன் சமவெளி. அங்கே குறித்த பாதையில் நடக்க அனுமதி உண்டு. அதிகாலைப் பனியில் புல்வெளி ஓரத்தில் நிற்கும். பாதையோர மரங்களில் இடுப்பு உயரத்தில் பட்டை உரிந்து, பிசின் வழிந்த இடங்களை மகனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவை கொம்பு தேய்த்த தடங்கள். தேடும் ஆசைக்கு அது போதுமான தீனி, எடுத்துப் போக ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும்விட உங்களுக்குக் கிட்டியது தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. வெள்ளவத்தையிலிருந்து ஒரு பஸ் தூரம். மாதம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரு கொப்பியோடு போங்கள். ஆண் புள்ளிமான்கள் ஒவ்வொன்றுக்கும் உடலில் ஓர் அடையாளம் பார்த்து, காது கிழிந்தது, கழுத்தில் தழும்பு உள்ளது என்று பெயர் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் தலையையும் வரையட்டும்: மொட்டையா, மென்தோலா, உரிகிறதா, முற்றியதா, ஒற்றைக் கொம்பா. இடது விழுந்து வலது இன்னும் நிற்கும் நாளில் போக நேர்ந்தால் பெரிய அதிர்ஷ்டம். ஓராண்டு முடியும்போது, எந்த மாதம் கொம்பு விழுகிறது என்று நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கு அவனுடைய கொப்பியிலேயே விடை இருக்கும். கூண்டில் தீனி போட்டு வளரும் மான்களின் கணக்கு காட்டு மான்களுக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் அவனுக்குச் சொல்லிவிடுங்கள். முதல் நான்கு மாதப் படங்கள் சேர்ந்ததும் எனக்குக் காட்டுங்கள். எந்த மான் அடுத்ததாக உதிர்க்கும் என்பதை அவனும் நானும் சேர்ந்து கணித்துப் பார்க்கிறோம்.